பொருள் விஞ்ஞான ஆய்வு மாணவரின் மாதாந்த முன்னேற்ற அறிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராதனை, ஹந்தானை, பதுளை என்று மலையகத்து ஆய்வுகூடங்களில் கலாநிதிப் பட்டத்துக்கோ முதுதத்துவமாணிக்கோ பதிவு செய்து, தூளோடும் படலத்தோடும் காபனோடும் மல்லுக்கட்டுகிற மாணவர்களுக்கான பக்கம் இது. மாதக் கடைசியில் மேற்பார்வையாளருக்குக் கொடுக்கும் அறிக்கை பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. மழை, மின்வெட்டு, உயரம் ஆகியவை அளவீட்டில் எப்படிக் கைவைக்கின்றன என்பதையும் சேர்த்திருக்கிறோம். வெளிநாட்டு வழிகாட்டிகளில் அது கிடைக்காது.

பல்கலைக்கழகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதானே அறிக்கை கேட்கிறது? பிறகெதற்கு மாதாமாதம்?

ஆறுமாத அறிக்கை உயர்பட்டக் குழுவின் கோப்புக்குப் போவது. மாத அறிக்கை உங்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலானது. அடுத்த மாதம் எதைச் செய்வது, எதைக் கைவிடுவது என்று இரண்டு பேரும் தீர்மானிக்கத்தான் அதை எழுதுகிறோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்தில் இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் குறைந்தது மூன்று ஆண்டு. அதாவது 36 மாதம். பிழையான சூடாக்கல் வெப்பநிலையில் ஆறு மாதம் மாதிரி செய்துவிட்டு அதை ஆறாம் மாதம்தான் யாராவது கவனித்தால், ஆறில் ஒரு பங்கு காலம் போய்விட்டது. மாத அறிக்கையில் அதே பிழை நாலு வாரத்தில் பிடிபடும்.

எத்தனை பக்கம்? எதை முதலில் எழுதுவது?

இரண்டு பக்கம். படங்களோடு மூன்று. அதற்குமேல் போனால் யாரும் வாசிப்பதில்லை.

முதல் அரைப் பக்கத்தில் மூன்று விடயம்: இந்த மாதம் என்ன தெரியவந்தது, எது தடைப்பட்டு நிற்கிறது, மேற்பார்வையாளரிடமிருந்து என்ன தீர்மானம் வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். “எக்ஸ்ஆர்டி எடுக்கப்பட்டது, எஸ்இஎம் எடுக்கப்பட்டது” என்று (முதலாவது பளிங்கமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் அளவீடு, மற்றது இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம்) செய்த வேலைகளை வரிசையாக அடுக்கினால், அதை வாசிப்பவர் “நல்லது, தொடருங்கள்” என்றுதான் சொல்ல முடியும். “700 °செ மாதிரிகளை நிறுத்திவிட்டு 800 °செ ஐ மட்டும் தொடரலாமா?” என்று கேட்டால் பதில் வந்தே ஆகும்.

அடுத்து மாதிரி அட்டவணை. குறியீடு, செய்த திகதி, மூலப்பொருளின் தொகுதி எண், வெப்பநிலை, நேரம், வாயு, போட்ட திணிவு, கிடைத்த திணிவு, என்னென்ன அளவீடு முடிந்தது, தரவுக் கோப்பின் பெயர். கிடைத்த திணிவை எழுதாமல் விடுவது பெரும் பிழை. 5.00 கிராம் போட்டு 1.4 கிராம் கிடைத்த இடத்தில் அடுத்த முறை 2.3 கிராம் கிடைத்தால், எக்ஸ்ஆர்டி எடுக்கும் முன்னரே ஏதோ மாறிவிட்டது என்று தெரிந்துவிடும். தராசு சொல்வதை விலையுயர்ந்த கருவியிடம் போய்க் கேட்கத் தேவையில்லை.

பிறகு இரண்டு அல்லது மூன்று படம். ஒவ்வொன்றின் கீழும் அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று ஒரு முழு வாக்கியம். கடைசியில் அடுத்த மாதத் திட்டம்.

மாதிரிகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

“புதியது”, “புதியது 2”, “கடைசி”, “சேர் சொன்னது” என்பவை பெயர்களல்ல. பொருளுக்கு ஒரு சுருக்கம், ஓட்டத்துக்கு (மாதிரி செய்யும் ஒவ்வொரு தடவைக்கும்) ஒரு தொடர் எண், அந்த ஓட்டத்தில் எத்தனையாவது பகுதி என்று மூன்று பாகம் போதும்: தேக-07-2 என்றால் தேயிலைக் கழிவுக் காபன், ஏழாவது ஓட்டம், இரண்டாம் பகுதி. வெப்பநிலையையும் விகிதத்தையும் பெயருக்குள் திணிக்க வேண்டாம். உலை 800 காட்டினாலும் உள்ளே 770 தான் இருந்தது என்று பிறகு தெரியவந்தால் பெயரே பொய்யாகிவிடும். நிபந்தனைகள் அட்டவணையில் இருக்கட்டும். ஒருமுறை கொடுத்த எண்ணை, மாதிரி கொட்டிப்போனாலும், இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். ஆய்வுகூடக் கொப்பியிலும் குப்பியிலும் கணினிக் கோப்பிலும் அதே குறியீடு இருக்க வேண்டும். குப்பியில் எழுதும் பேனா எதனோலில் அழியும். பென்சிலால் எழுதி மேலே ஒட்டுநாடா போட்டால் அழியாது.

இந்த மாதம் ஒன்றும் சரிவரவில்லை. எதை எழுதுவது?

சரிவராததையே எழுதுங்கள், ஆனால் அளவோடு. “படலம் வெடித்தது”, அதாவது விரிசல் விட்டது, என்பது மட்டும் போதாது. “பூச்சு மூன்று படை, ஒவ்வொரு படைக்கும் பிறகு 80 °செ இல் 10 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 15 °செ வேகத்தில் 450 °செ, ஐந்தில் நான்கு படலம் வெடித்தது. நிமிடத்துக்கு 5 °செ ஆகக் குறைத்தபோது ஐந்தில் ஒன்று மட்டும் வெடித்தது” என்றால் அது ஒரு பெறுபேறு. பூச்சுப் பசையில் சேர்த்த பல்பகுதியம் எரிந்து வெளியேறுவதற்கு நேரம் கிடைக்காததால்தான் வெடிப்பு வந்தது என்று அடுத்த வரியில் காரணமும் சொல்லலாம்.

தோல்வி என்று எழுதுமுன் இரண்டு விதத்தைப் பிரித்துப் பாருங்கள். முறைப்படி செய்தும் பொருள் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்பது ஒன்று. அது ஆய்வேட்டில் இடம்பெறலாம். உலை நின்றது, வாயு தீர்ந்தது, கரைசல் பழசு என்பது மற்றது. அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ்ப் போட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

எக்ஸ்ஆர்டியில் பளிங்கு அளவு ஒவ்வொரு தடவையும் வேறாக வருகிறது. எந்த எண்ணைக் கொடுப்பது?

பெரும்பாலும் பொருள் மாறியிருக்காது. கணக்கிட்ட விதம் மாறியிருக்கும். ஷெரர் சமன்பாட்டில் பளிங்கு அளவு = 0.9 × அலைநீளம் ÷ (உச்சியின் அகலம் × கோணத்தின் கோசைன்). செப்புக் கதிருக்கு அலைநீளம் 0.15406 நானோமீற்றர். அகலத்தை ரேடியனில் போட வேண்டும். கோணம் என்பது வரைபில் காணும் கோணத்தின் பாதி. இந்த இரண்டிலும் தவறுவோர் இன்னமும் உண்டு.

அதைவிடப் பெரிய குழப்பம் கருவியின் சொந்த அகலம், அதாவது கருவியே உச்சிக்குச் சேர்க்கும் அகலம். தைத்தேனியம் ஈரொட்சைட்டின் அனாடேஸ் வடிவம் 25.3 பாகையில் தரும் உச்சியை எடுங்கள். அளந்த அகலம் 0.60 பாகை, கருவியின் அகலம் 0.10 பாகை என்று வைப்போம். கருவி அகலத்தைக் கழிக்காமலே கணக்கிட்டால் 13.6 நானோமீற்றர். வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுத்தால் 13.8. நேரடியாகக் கழித்தால் 16.3. ஒரே தரவு, மூன்று விடை! உச்சி கௌஸ் வடிவமா லொரென்ஸ் வடிவமா என்பதைப் பொறுத்தே எப்படிக் கழிப்பது என்று முடிவாகும். உண்மையான உச்சி இரண்டுக்கும் இடைப்பட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே எந்த முறையைப் பின்பற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு, மூன்று ஆண்டும் அதையே பின்பற்றுங்கள். கருவியின் அகலத்தை லந்தனம் எக்சாபோரைட்டு அல்லது சிலிக்கன் நியமத் தூளில், உங்கள் மாதிரிக்குப் பயன்படுத்திய அதே பிளவு, அதே வேகத்தில் அளக்க வேண்டும். வேறு யாரோ போன வருடம் எடுத்த எண்ணைக் கடன்வாங்கக் கூடாது.

இன்னொன்று: 13.57 நானோமீற்றர் என்று இரண்டு தசமம் எழுதாதீர்கள். 14 என்று எழுதினால் போதும். 100 நானோமீற்றருக்கு மேல் இந்தச் சமன்பாட்டை வழமையான ஆய்வுகூடக் கருவியில் நம்ப வேண்டாம். அங்கே உச்சியின் அகலம் முழுவதுமே கருவியுடையதாகிவிடும். எஸ்இஎம் படத்தில் காணும் துணிக்கை 80 நானோமீற்றராகவும் எக்ஸ்ஆர்டி 14 ஆகவும் இருந்தால் அது முரண்பாடல்ல. ஒரு துணிக்கைக்குள் பல பளிங்குகள் இருக்கலாம்.

மழைக்காலத்தில் பெறுபேறுகள் மாறுகின்றன. இதை அறிக்கையில் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்காதா?

எண்ணோடு சொன்னால் இருக்காது. தராசு மேசையில் ஈரப்பதமானி ஒன்று வையுங்கள், விலை அதிகமில்லை. மாதிரி செய்யும் ஒவ்வொரு நாளும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கொப்பியில் குறியுங்கள். மகாவலிப் பள்ளத்தாக்கில் மழைநாள் இரவுகளில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். நுவரெலியாப் பக்கம் மூடுபனி யன்னலால் உள்ளே வரும். அந்த நிலையில் எவையெல்லாம் கெடும் என்று தெரிந்திருப்பது நல்லது.

இலிதியம் உப்புகள், நாகக் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு ஆகியவை தராசுத் தட்டில் இருக்கும்போதே நீரை இழுக்கும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். உப்பு 5 சதவீத நீரை எடுத்திருந்தால் நீங்கள் போட்டது 5 சதவீதம் குறைந்த உப்பு. பல்பகுதிய மின்பகுபொருளில் இதன் விளைவு இரட்டிப்பாகும்: உப்பு குறைகிறது, அதே நேரம் நீர் உள்ளே போய்க் கடத்துதிறனைச் செயற்கையாகக் கூட்டுகிறது. மழை மாதத்தில் “சிறந்த” மின்பகுபொருள் கிடைத்ததென்றால் மகிழ்வதற்கு முன் வெற்றிட அடுப்பில் உலர்த்தித் திரும்ப அளந்து பாருங்கள்.

தைத்தேனியம் ஐசோப்புரொப்பொட்சைட்டு காற்றின் நீராவியோடு தாக்கம் புரிந்து, போத்தலின் வாயிலேயே வெள்ளைத் தூளாகும். ஊசிக்குழாயால் எடுங்கள், முதலில் உலர்ந்த அற்ககோல், அதற்குள் இது, நீர் கடைசியில். சுட்ட தொலமைட்டு இன்னும் மோசம். கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தொலமைட்டை மலிவான மூலப்பொருளாக எடுப்பவர்கள் உண்டு. தூய தொலமைட்டு முழுதாகச் சிதைந்தால் 47.7 சதவீதத் திணிவு காபனீரொட்சைட்டாகப் போக வேண்டும். அதுவே நல்ல சோதனை. ஆனால் சுட்ட தூளைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து எக்ஸ்ஆர்டிக்குக் கொடுத்தால் 18 பாகைக்கும் 34.1 பாகைக்கும் அருகில் கல்சியம் ஐதரொட்சைட்டின் உச்சிகள் நிற்கும். அது உலையில் உருவானதல்ல, அலுமாரியில் உருவானது.

எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலை அளவீட்டில்) பொட்டாசியம் புரோமைட்டு வில்லையை ஈரமான நாளில் அழுத்தினால் அலையெண் 3400க்கும் 1640க்கும் அருகே அகன்ற பட்டைகள் வரும். அவற்றை “மேற்பரப்பு ஐதரொட்சில் கூட்டங்கள்” என்று எழுதிவிடும் பழக்கம் நம் மத்தியில் பரவலாக இருக்கிறது. புரோமைட்டை 110 °செ இல் உலர்த்தி, மாதிரி போடாத வெறும் வில்லை ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் காட்டுங்கள். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிட்டால் 110–120 °செ இல் சில மணி நேரம் வைத்து மீட்கலாம். நிறம் மாறிய ஜெல்லோடு இருக்கும் டெசிகேற்றர் (மாதிரியை உலர்வாக வைக்கும் கலம்) வெறும் கண்ணாடிப் பாத்திரம்தான்.

உயரம் கணக்கில் வருமா?

கண்டியில் சிறிதளவு, நுவரெலியாவில் கட்டாயம். சுமார் 500 மீற்றரில் நீர் 98 °செ அளவில் கொதிக்கும். 1,868 மீற்றரில் 94 °செ அளவில். “கொதிநீரில் ஒரு மணி நேரம்” என்று எழுதாமல் வெப்பநிலையை எழுதுங்கள். மூடிய ஐதரோவெப்பக் கலத்துக்கு இது பொருந்தாது.

உலை ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மாதிரியை வைத்துக்கொள்ளலாமா?

எந்தக் கட்டத்தில் போனது என்பதைப் பொறுத்தது. சூடேறும்போது 200 °செ இல் நின்று பத்து நிமிடத்தில் திரும்ப ஏறினால் பெரும்பாலும் பரவாயில்லை. உச்ச வெப்பநிலையில் நின்று உலை 150 °செ குறைந்து, பிறகு கட்டுப்படுத்தி நிகழ்ச்சியை முதலிலிருந்து தொடங்கினால், உங்கள் மாதிரி உச்சத்தில் மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எறிந்துவிடாமல் குறியீட்டோடு எடுத்து வையுங்கள், ஆனால் ஒப்பீட்டு வரைபில் சேர்க்காதீர்கள்.

கட்டுப்படுத்தியின் அமைப்பில் கரண்ட் திரும்பியதும் என்ன செய்வது என்று ஒரு தெரிவு இருக்கும்: நிறுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர், முதலிலிருந்து தொடங்கு. உங்கள் உலையில் எது தெரிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். சிறிய யூபிஎஸ் ஒன்றைக் கட்டுப்படுத்திக்கு மட்டும் கொடுத்தால் நினைவகம் தப்பும்; சூடாக்கும் இழைக்கு அது ஈடுகொடுக்காது. குழாய் உலையில் வாயுதான் முக்கியம். ஊசிவால்வும் மிதவைமானியும் இருந்தால் நைதரசன் கரண்ட் இல்லாமலும் ஓடும். மின்னால் இயங்கும் ஓட்டக் கட்டுப்படுத்தி மூடிக்கொண்டால், 700 °செ இல் இருக்கும் காபனுக்குள் காற்று இறங்கி, காலையில் வெறும் சாம்பல் மிஞ்சும்.

சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் வழமை. நீண்ட ஓட்டங்களை அதிகாலையில் தொடங்குங்கள்.

உலையின் காட்சித் திரையில் தெரிவது வெப்பத்தை உணரும் வெப்பவிணை இருக்கும் இடத்தின் வெப்பநிலை. மாதிரி இருக்கும் இடத்தினுடையது அல்ல. உலர்ந்த சோடியம் குளோரைட்டு 801 °செ இல் உருகும். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் வைத்து 790, 800, 810, 820 என்று ஏற்றிப் பார்த்தால் உங்கள் உலை எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று தெரியும். அந்த வித்தியாசத்தை ஒருமுறை அறிக்கையில் பதிந்துவிடுங்கள்.

தேயிலைக் கழிவிலிருந்து செயலூட்டிய காபன் செய்கிறேன். அறிக்கையில் எவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும்?

மலையகத்தில் இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் அதிகம். மூலப்பொருள் வீட்டு வாசலில் இருக்கிறது என்ற எண்ணம். ஆனால் “தேயிலைக் கழிவு” என்பது ஒரே பொருளல்ல. தொழிற்சாலையில் சல்லடைக்குப் பின் ஒதுக்கும் நாரும் தண்டும் வேறு, தூசி வேறு, வீட்டில் சாயம் இறக்கிய சக்கை வேறு. சக்கையில் நீரில் கரைவன ஏற்கெனவே போய்விட்டன. சாம்பல் அளவும் பொட்டாசியமும் மாறும். எந்தத் தொழிற்சாலை, எந்தத் திகதி, என்ன தரம், 105 °செ இல் மாறாத் திணிவுக்கு உலர்த்திய பின் எவ்வளவு, சாம்பல் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் முதல் மாத அறிக்கையிலேயே இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கும் போதுமான மூலப்பொருளை ஒரே தடவையில் எடுத்து உலர்த்தி அடைத்து வைப்பது நல்லது. கழிவுத் தேயிலையைக் கொண்டுசெல்வது இலங்கைத் தேயிலைச் சபையின் கட்டுப்பாட்டில் உள்ள விடயம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன் தொழிற்சாலையிடமும் உங்கள் பல்கலைக்கழகத் திணைக்களத்திடமும் கடிதம் வாங்குங்கள்.

பொட்டாசியம் ஐதரொட்சைட்டால் செயலூட்டுபவர்கள் கரிக்கும் காரத்துக்கும் இடையிலான விகிதம் திணிவாலா மூலாலா என்று தெளிவாக எழுதுங்கள். 1:3 என்று மட்டும் எழுதிவைத்தவர்களின் அறிக்கையிலிருந்து யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியாது. வில்லையாக வரும் காரத்தில் 10–15 சதவீதம் நீர் இருப்பது வழமை. போத்தலின் லேபிளைப் பாருங்கள். 700–800 °செ இல் இந்தக் காரம் அலுமினாவையும் குவார்ட்ஸ் குழாயையும் அரிக்கும். புடக்குகை நிக்கலாக இருக்கட்டும். அலுமினாவில் செய்துவிட்டு அளவீட்டில் அலுமினியம் வந்தால் அது தேயிலையுடையதென்று எழுதாதீர்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. இந்த வெப்பநிலையில் உலோகப் பொட்டாசியம் உருவாகிக் குழாயின் குளிர்ந்த பகுதியில் படியலாம். அறை வெப்பநிலைக்கு இறங்கும்வரை நைதரசனை நிறுத்தாதீர்கள். மாதிரியில் நேரே நீரை ஊற்றாமல், புகைப்போக்கிப் பெட்டிக்குள் முதலில் எதனோலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பிறகு நீர், பிறகு ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம், கடைசியில் வெந்நீர். கழுவிய நீரின் பிஎச் நடுநிலையானால் மட்டும் போதாது; வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டுக் குளோரைட்டு இல்லையென்றும் பாருங்கள். உப்பு துளைகளுக்குள் மிஞ்சினால் மேற்பரப்பளவு குறைவாகத் தெரியும்.

நைதரசன் வாயுவால் மேற்பரப்பளவு காணும் பிஇடி முறையில், நுண்துளைக் காபனுக்குச் சார் அமுக்கம் 0.05–0.30 என்ற பாடப்புத்தக வீச்சு பொருந்தாது. அதைவிடக் கீழே போக வேண்டும். பிஇடி சமன்பாட்டின் மாறிலி மறையாக வந்தால் அந்த எண்ணைக் கொடுக்கவே கூடாது. எந்த வீச்சை எடுத்தீர்கள், எத்தனை மணி நேரம் எந்த வெப்பநிலையில் வாயு நீக்கினீர்கள் என்பதும் எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும்.

மெத்திலீன் நீலப் புறத்துறிஞ்சலில் (காபன் அந்தச் சாயத்தை எவ்வளவு பிடிக்கிறது என்ற அளவீட்டில்) என் எண்கள் நண்பருடையதோடு ஒத்துவரவில்லை. ஏன்?

மூன்று இடத்தில் தேடுங்கள். முதலாவது, சாயப் போத்தலில் இருப்பது நீரேற்றிய வடிவமா என்பது. நீரற்றதன் மூலர்த் திணிவு 319.85; மூன்று நீரோடு 373.9. இதைக் கவனிக்காமல் மூலர்க் கரைசல் செய்தால் செறிவு ஏறத்தாழ 14 சதவீதம் தவறும். இரண்டாவது, வடிதாள். இந்தச் சாயத்தைத் தாளும் உறிஞ்சும். அது முழுக்க உங்கள் காபனின் கணக்கில் ஏறிவிடும். மையநீக்கியில் சுழற்றித் தெளிந்த கரைசலை எடுங்கள். மூன்றாவது, 664 நானோமீற்றரில் உறிஞ்சல் 1 ஐத் தாண்டினால் ஐதாக்கி அளக்க வேண்டும்; செறிவு கூடும்போது சாய மூலக்கூறுகள் சோடி சேர்ந்து நேர்கோடு வளையும்.

போகல சுரங்கத்துக் காரீயத்திலிருந்து (கிராபைற்று) கிராபீன் ஒட்சைட்டு செய்கிறேன். எதைக் கவனிப்பது?

நம் நாட்டு நாளக் காரீயம் மிகத் தூயது, பளிங்குகள் பெரியவை. அதனாலேயே ஒட்சியேற்றம் மெதுவாக நடக்கும். வெளிநாட்டுச் செதிள் காரீயத்துக்கு எழுதிய நேரம் போதாமல் போகலாம். முதலில் அரைத்துச் சலித்து, எந்தக் கண்ணளவுக்கும் எந்தக் கண்ணளவுக்கும் இடைப்பட்டது என்று எழுதுங்கள். எக்ஸ்ஆர்டியில் 26.5 பாகை உச்சி மறைந்து 10–11 பாகையில் புதியது எழ வேண்டும், 26.5 இல் சிறு மேடு மிஞ்சினால் ஒட்சியேறாத காரீயம் இருக்கிறது. பரமங்கனேற்றைச் சேர்க்கும்போது பனிக்கட்டித் தொட்டியில் 20 °செ க்குக் கீழே வைத்திருங்கள். செறிந்த சல்பூரிக் அமிலத்தில் உருவாகும் மங்கனீசு எழொட்சைட்டு 55 °செ அளவில் வெடிக்கக்கூடியது. பெரிய அளவில் ஒரே தடவையாகச் செய்து நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பதை விட்டுவிடுங்கள்.

ஒரு சூரியக் கலம் 6 சதவீத வினைத்திறன் தந்தது. மற்றவை 4, 5. எதை எழுதுவது?

எல்லாவற்றையும். 5.1, 4.8, 5.3, 6.0, 3.9 என்றால் சராசரி 5.0, நியம விலகல் 0.8. சிறந்த கலத்தின் வரைபைக் காட்டலாம், ஆனால் அதன் கீழே இந்த ஐந்து எண்ணும் இருக்க வேண்டும். 6.0 ஐ மட்டும் எழுதிவிட்டால் அடுத்த மாதம் 5.4 வரும்போது “குறைந்துவிட்டது” என்று விளக்கம் தேட வேண்டியிருக்கும். உண்மையில் ஒன்றும் குறையவில்லை.

பரப்பைக் கவனியுங்கள். 0.25 சதுர சென்ரிமீற்றர்க் கலத்தை 0.20 என்று அளந்தால் மின்னோட்ட அடர்த்தியும் வினைத்திறனும் 25 சதவீதம் கூடித் தெரியும். கறுப்பு மறைப்புத் தகடு போட்டு, அதன் துளையின் பரப்பைக் கொடுங்கள். ஒளி ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லிவாற்று என்பதை அன்றே நியம சிலிக்கன் கலத்தால் சரிபார்த்தீர்களா என்பதையும் குறியுங்கள். சாயத்தால் ஒளியை உறிஞ்சும் சூரியக் கலங்களில் (சாயக் கலங்களில்) ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழு திண்மநிலைச் சாயக் கலத்தை 1995இலேயே வெளியிட்டது. ஆகவே உங்கள் எண்ணை இணையத்தில் கண்ட உலகச் சாதனையோடு ஒப்பிடுவதைவிட, இதே ஆய்வுகூடத்தில் இதே கண்ணாடியில் வந்த முந்திய எண்ணோடு ஒப்பிடுவது பயன்தரும்.

மின்பகுபொருளின் கடத்துதிறனில் எதைச் சரிபார்ப்பது?

தடிப்பை. கடத்துதிறன் = தடிப்பு ÷ (தடை × பரப்பு). 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள வில்லை, தடிப்பு 0.2 மில்லிமீற்றர், தடை 250 ஓம் என்றால் சென்ரிமீற்றருக்கு 0.0001 சீமன்ஸ் அளவு. மென்மையான படலம் மின்வாய்களுக்கு நடுவே நசுங்கி 0.15 ஆனால் விடை கால்வாசி மாறும். அழுத்திய பின்பு அளந்து பாருங்கள்.

வரைபை மிருதுவாக்கலாமா? பின்னணியைக் கழிக்கலாமா?

பின்னணியைக் கழிக்கலாம், சொல்லிவிட்டு. மாத அறிக்கையில் மிருதுவாக்க வேண்டாம். இரைச்சல் தெரிந்தால்தான் சிறிய உச்சி உண்மையா என்று மற்றவர் கேட்பார்.

எஸ்இஎம்முக்கு வரிசையில் ஆறு வாரம். மாதம் முடிகிறது, தரவு இல்லை.

வரிசையில் நிற்பதையும் அட்டவணையில் ஒரு நிரலாகப் போடுங்கள்: எந்த மாதிரி, எந்த நாளில் கொடுத்தது, எப்போது வரும். மேற்பார்வையாளர் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்க்கக்கூடிய தடை பல, அவருக்குத் தெரியாமலே கிடக்கின்றன. தூள் எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே கணக்கிட்டால் இரண்டாவது முறை வரிசையில் நிற்க வேண்டி வராது: சாதாரண எக்ஸ்ஆர்டித் தட்டுக்கு அரை முதல் ஒரு கிராம், டிஜிஏக்கு (சூடாக்கித் திணிவு மாற்றத்தை அளப்பதற்கு) 5–10 மில்லிகிராம், காபனின் மேற்பரப்பளவுக்கு 0.1–0.2 கிராம். கொழும்புக்கு அனுப்புவதாக இருந்தால் குப்பியை ஒட்டுநாடாவால் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு இரட்டைப் பையில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் பாதியை உங்களிடமே வைத்திருங்கள். மண்சரிவில் பாதை மூடிவிட்டால் பார்சல் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது.

இரசாயன இறக்குமதியும் இப்படித்தான். கட்டளை கொடுத்ததிலிருந்து மாதக்கணக்கில் ஆகும். மிஞ்சியிருக்கும் அளவு இன்னும் எத்தனை ஓட்டத்துக்குப் போதும் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால், போத்தல் காலியாகும் முன் கட்டளை போகும்.

முதல் மூன்று மாதம் வாசிப்புத்தான். அதை எப்படி அறிக்கையாக்குவது?

வாசித்த கட்டுரைகளின் சுருக்கத்தை எழுத வேண்டாம். ஒரு அட்டவணை போடுங்கள்: மூலப்பொருள், வெப்பநிலை, நேரம், வாயு, கிடைத்த எண், அளந்த நிபந்தனை. இருபது கட்டுரை நிரம்பியதும் எந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும். அந்த வெறுமையைச் சுட்டி ஒரு பந்தி எழுதினால் அது முன்னேற்றம்.

அறிக்கை ஆங்கிலத்தில், மேற்பார்வையாளர் சிங்களவர், நான் யோசிப்பது தமிழில். முதற்படியைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. கொப்பியில் அவதானிப்புகளை அந்த நேரத்தில் வாய்க்கு வரும் மொழியில் எழுதுங்கள்; “பழுப்பாகி அடியில் ஒட்டியது” என்பதை ஆங்கிலம் தேடிக்கொண்டே மறந்துவிடுவதைவிட அது மேல். எண்களையும் அலகுகளையும் குறியீடுகளையும் மட்டும் எல்லோரும் வாசிக்கும்படி வையுங்கள். ஆங்கில அறிக்கையில் நீண்ட வாக்கியம் தேவையில்லை.

இரண்டு மேற்பார்வையாளர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே அறிக்கையை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தீர்மானம் வேண்டிய இடத்தில் “சேர் இப்படிச் சொன்னார், மிஸ் அப்படிச் சொன்னார்” என்று எழுதாமல், தெரிவு ஒன்று, தெரிவு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தேவையான நாள், பொருள், கருவி நேரம் என்று எழுதுங்கள். சந்திப்பு முடிந்த அன்றே முடிவை மூன்று வரியில் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்த மாதத் திட்டத்தை ஒருபோதும் முடிக்க முடிவதில்லை.

உலை நாட்களை எண்ணுங்கள். 800 °செ க்கு நிமிடத்துக்கு 5 °செ வேகத்தில் ஏற இரண்டரை மணி நேரத்துக்கு மேல், அங்கே ஒரு மணி நேரம், இறங்க ஆறேழு மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு ஒரு ஓட்டம். உலையைப் பகிர்வோர் மூவர் என்றால் உங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான். மாதத்துக்கு எட்டு ஓட்டம். அதில் இரண்டு கரண்டுக்கும் பழுதுக்கும் போகும். நான்கு வெப்பநிலை, மூன்று விகிதம், மூன்று தடவை மீள்செய்கை என்று 36 ஓட்டத்தைத் திட்டத்தில் எழுதினால் அது ஆறு மாதத் திட்டம். முதலில் இரண்டு அந்தங்களையும் நடுவையும் எடுங்கள். வித்தியாசம் தெரிந்த பக்கம் மட்டும் நெருக்கிப் போங்கள்.

தரவை எங்கே வைப்பது?

கருவிக் கணினியில் மட்டும் இருப்பது பாதுகாப்பல்ல. அதில் எல்லோருடைய பென்டிரைவும் செருகப்படுகிறது, வைரஸ் வராத மாதமில்லை. கருவி தந்த மூலக் கோப்பை மாற்றாமல் ஒரு இடத்தில், கணக்கிட்டதை வேறு இடத்தில், இரண்டின் பிரதியை விடுதிக்கு வெளியே இன்னொரு இடத்தில் வையுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், மாதிரிக் குறியீடு என்ற ஒழுங்கு இருந்தால் தானாகவே வரிசைப்படும். ஆறுமாத அறிக்கை வரும்போது ஆறு மாத அட்டவணைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டி, திருப்பிச் செய்யாத ஓட்டங்களை நீக்கினால் பெறுபேற்றுப் பகுதி கிட்டத்தட்ட ஆயத்தமாகிவிடும்.